கடல் தாண்டி வரும் ஷூ காலில் சேர 12 குறிப்புகள்

செருப்பில்லாமல் கரிசலில் நடந்து வளர்ந்த பாதம் முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். எப்போதும்வென்றானிலிருந்து கோவில்பட்டிக்குப் போய்க் கடை கடையாக ஏறினாலும், நீளம் சரியாக இருந்தால் அகலம் பிடிக்கும்; அகலம் சரியானால் குதிகால் கழலும். அதனால்தான் பலர் வெளிநாட்டுத் தளங்களில் ஆர்டர் போடுகிறார்கள். வந்த ஷூ பரணில் ஏறாமல் காலில் ஏற சில யோசனைகள்:

1. பாதத்தை மாலையில் அளந்து பாருங்கள். காலையைவிட அப்போது சற்று வீங்கியிருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

2. வெள்ளைத்தாளைச் சுவரோரம் போட்டு, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். பென்சிலைச் சாய்க்காமல் இன்னொருவர் வரையட்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல்தான் நீளம். அதன் நுனிவரை அளக்க வேண்டும். விரல்கள் தொடங்கும் அகன்ற இடத்தில் அகலமும், இஞ்ச் டேப்பால் சுற்றளவும் எடுங்கள். எல்லாம் மில்லிமீட்டரில் இருக்கட்டும். இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்கு வாங்குங்கள். சின்ன காலுக்கு ஒரு இன்சோல் போதும்.

3. நம்மூர்க் கடைகளில் புழங்குவது பிரிட்டன் எண். ஆண்களின் 8 அமெரிக்காவில் 9, ஐரோப்பாவில் ஏறத்தாழ 42. பெண்களின் 5 அமெரிக்காவில் 7, ஐரோப்பாவில் 38. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். சைஸ் சார்ட்டில் சென்டிமீட்டர் பத்தி இருந்தால் அதையே நம்புங்கள். அது பாதத்தின் நீளமா, ஷூவின் உள்நீளமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்நீளம் என்றால் பாதத்தைவிட 10 முதல் 12 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

4. அகலம் பிடிக்கிறது என்று ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள். பிரிட்டன் எண் ஒன்று கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும், அகலம் கொஞ்சம்தான் கூடும். ஷூ மடங்கும் இடம் முன்னால் தள்ளிப்போய், நடக்கும்போது விரலை நசுக்கும்.

5. அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு. அமெரிக்க முறையில் ஆண்களுக்கு 'டி' இயல்பான அகலம், '2ஈ' அகலம், '4ஈ' மிக அகலம். பெண்களுக்கு 'பி' இயல்பு. அவர்களுக்கு 'டி' என்றாலே அகலம்தான்.

6. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கி, நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம்மவர் பாதம் பொதுவாக அகலம் என்று அதில் தெரிந்தது. 'பா' என்ற இந்திய அளவுமுறைக்கு அதுவே அடிப்படை. ஆகவே இயல்பான அகலம் கடித்தால், தயங்காமல் அடுத்த அகலத்துக்குப் போங்கள்.

7. பெரிய பாதமுள்ள பெண்கள் ஆண்கள் பிரிவிலும் தேடலாம். பிரிட்டன் எண்ணில் இருபாலாருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு. அகலமும் கூடுதலாகக் கிடைக்கும்.

8. 2020 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கிச் செயலியில் திறந்து, பணம் கட்டியதும் மறுபடி மூடிவிடுங்கள்.

9. சுங்க வரி, ஷூ விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். 'கிஃப்ட்' என்று எழுதினால் வரி கிடையாது என்பது பழைய கதை. 2019 டிசம்பரோடு அந்தச் சலுகை போயிற்று. கூரியர்காரர்கள் ஆதார், பான் போன்ற அடையாளச் சான்று கேட்பார்கள். ஆர்டரில் கொடுக்கும் பெயர் அதில் உள்ளபடியே இருக்கட்டும்.

10. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மச்சானை வாங்கிவரச் சொல்கிறீர்களா? பாதம் வரைந்த தாளை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் அளவு மாறிவிடும். மில்லிமீட்டர் எண்களை எழுதி அனுப்புங்கள். ஊரிலிருந்து ஆள் போனால், பாத வடிவில் வெட்டிய அட்டையைக் கொடுத்துவிடுங்கள். கடையில் அதை ஷூவுக்குள் விட்டுப் பார்க்கலாம். ஓரம் மடங்கினால் அந்த ஷூ வேண்டாம்.

11. பார்சல் வந்ததும் வீட்டுக்குள்ளேயே, மாலையில், சாக்ஸ் போட்டு நடந்து பாருங்கள். வாசல் தாண்டிக் கரிசல் மண் ஒட்டிவிட்டால் ரிட்டர்ன் போச்சு. கடல் கடந்து திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் என்பதை ஆர்டருக்கு முன்பே படித்துவிடுங்கள். பல சமயம் அது ஷூ விலையை எட்டிவிடும். லேசாகத்தான் பிடிக்கிறது என்றால், நல்ல தோல் ஷூவைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அகலப்படுத்தலாம். தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. ரெக்சினுக்கு அந்த வழியும் இல்லை.

12. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஆன்லைன் ஷூ வேண்டவே வேண்டாம். கடிப்பதே தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். டாக்டரைக் கேட்டு, பின்வார் உள்ள எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பை அளவு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். வேலூர் அருகே கரிகிரியில் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காத்த செருப்பு அது. மெத்தென்ற எம்.சி.ஆரை மட்டும் நம்பினால் சீமைக்கருவேல முள் சுலபமாக ஏறிவிடும். அடியில் கெட்டியான ரப்பர் சோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தினமும் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.