கிளெபர்ன் எழுதிய மனு

அன்பு மருமகளுக்கு,

அநியாயத்தின் பக்கம் நின்று வீரமாகப் போரிட்டவரைப் பற்றி என்ன நினைப்பது என்று கேட்டிருந்தாய். பொதுப்படையாகப் பேசினால் இருவருமே எளிதாகத் தப்பித்துவிடுவோம். அதனால் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: பாட்ரிக் கிளெபர்ன். அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் காலாட்படையில் மேஜர் ஜெனரலாகி, 36 வயதில் களத்தில் மாண்டவர்.

கார்க் பகுதியில் 1828இல் பிறந்தார். தந்தை மருத்துவர். மகன் டப்ளினில் மருந்தாளர் நுழைவுத் தேர்வு எழுதித் தவறினார். வீட்டார் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, 1846இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் 41ஆவது காலாட்படை ரெஜிமென்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்துவிட்டார். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, நாடே பட்டினியில் கிடந்த காலம் அது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தும் கார்ப்பரலுக்கு மேல் போகவில்லை. (தேர்வில் தோற்றால் ஜெனரல் ஆகலாம் என்று உன் தம்பியிடம் இதைச் சொல்லி வைக்காதே.) 1849இல் பணம் கட்டி விலகி, உடன்பிறந்தாரோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அர்க்கன்சா மாநிலத்தின் ஹெலினா என்ற ஆற்றங்கரை ஊரில் மருந்துக்கடை, பிறகு வக்கீல் தொழில்.

1861இல் போர் மூண்டது. அந்த ஊர்த் தொண்டர் படையினர் தங்கள் கேப்டனைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், கிளெபர்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அடிமை வைத்திருந்தவர் அல்லர். அந்நியனாக வந்த தன்னை ஏற்றுக்கொண்ட மக்களோடு நிற்பதே முறை என்று எண்ணினார். நம் ஊரில் இதைச் செஞ்சோற்றுக்கடன் என்போம், கர்ணனுக்காகக் கண்ணீரும் விடுவோம். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. ஹெலினாவைச் சுற்றியிருந்த பருத்திக் காடுகளில் வேலை செய்தவர்கள் அடிமைகள். தான் உண்ட சோறு யாருடைய உழைப்பில் விளைந்தது என்று கடன் தீர்க்கக் கிளம்பியவர் கேட்டிருக்க வேண்டும். 1861இல் அவர் கேட்கவில்லை.

தொழில் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. சிப்பாயாகக் கற்ற கவாத்தையும், தூரம் கணித்துச் சுடும் பழக்கத்தையும் தன் ஆட்களுக்குச் சலிக்காமல் கற்றுக்கொடுத்தார். குளிர்காலத்தில் சண்டை ஓய்ந்திருந்தபோது அதிகாரிகளுக்கு வகுப்பு நடத்தினார். அவரிடம் கற்ற அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். 1862 ஆகஸ்டில் கென்டக்கியின் ரிச்மண்ட் சண்டையில் குண்டு கன்னத்தைத் துளைத்துப் பற்களையும் பெயர்த்துக்கொண்டு போனது. சில வாரங்களில் களத்துக்குத் திரும்பினார். 1863 நவம்பர் 27 அன்று, சட்டனூகாவில் தோற்று ஓடிய தென்படையின் வண்டிகளும் பீரங்கிகளும் தப்பிச் செல்ல, ஜார்ஜியாவின் ரிங்கோல்ட் கணவாயைக் காக்கும் வேலை அவருக்கு வந்தது. அவரிடம் இருந்தவர்கள் ஏறத்தாழ 4,100 பேர். துரத்தி வந்த வட மாநிலத் தளபதி ஹூக்கரின் படை அதைப்போலப் பல மடங்கு. இரண்டு பீரங்கிகளை மரக்கிளைகளால் மறைத்து வைத்தார். எதிரி மிக நெருங்கி வரும்வரை சுட விடவில்லை. நண்பகல் தாண்டும்வரை கணவாய் விழவில்லை. தென் மாநிலங்களின் காங்கிரஸ் நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆனால் அவரைப் பற்றி உனக்கு எழுதத் தோன்றியதற்கு ரிங்கோல்ட் காரணமில்லை. அடுத்து அவர் எழுதிய மனுதான் காரணம். 1864 ஜனவரி 2 அன்று, டால்டன் நகரில் கூடியிருந்த தளபதிகள் முன் அதை வாசித்தார். அவருடைய டிவிஷன் அதிகாரிகள் பலரும் கையெழுத்திட்டிருந்தார்கள். மனுவின் சாரம் இதுதான்: அடிமைமுறை நமக்குப் பலமாக இருந்த காலம் போய்ப் பலவீனமாகிவிட்டது. அடிமைகளைப் படையில் சேர்ப்போம். நமக்கு உண்மையாக இருக்கும் எல்லா அடிமைகளுக்கும் விடுதலை தருவோம். அவர்களுடைய திருமணத்தையும் பெற்றோர் பிள்ளை உறவையும் சட்டம் மதிக்கட்டும். கடைசிக் கோரிக்கையைக் கவனி. குடும்பத்தைப் பிரித்து விற்ற நாட்டில், அதன் சீருடையிலிருந்தே எழுந்த கோரிக்கை அது.

கேட்டிருந்தவர்களில் ஒருவரான ஜெனரல் வாக்கர் கொதித்துப்போய் விஷயத்தைத் தென் மாநிலங்களின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸுக்கு எட்ட வைத்தார். பேச்சே வெளியே வரக்கூடாது என்று டேவிஸ் உத்தரவிட்டார். அதன் பிறகு மேல்பதவிகள் காலியானபோதெல்லாம் கிளெபர்னை விட்டுவிட்டு வேறு ஆட்களை நியமித்தார்கள். மனுதான் காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, டென்னசியின் ஃபிராங்க்ளினில், எதிரி அரண் கட்டி உட்கார்ந்திருந்த இடத்தை நோக்கித் திறந்த வெளியில் ஓடிச் சென்று தாக்குமாறு தென்படைத் தளபதி ஹூட் கட்டளையிட்டார். கிளெபர்னின் குதிரை சுடப்பட்டது; இன்னொன்றில் ஏறும்போது அதுவும் விழுந்தது; நடந்தே முன்னேறியவர் மார்பில் குண்டு பாய்ந்து இறந்தார். அந்தச் சண்டை தென்படையின் ஆறு ஜெனரல்களின் உயிரைக் குடித்தது.

என் தீர்ப்பு இதுதான். காலாட்படை அதிகாரிக்கு அவர் நல்ல பாடம். நின்ற பக்கத்துக்காக அவரை மன்னிக்க என்னால் முடியவில்லை. மனுவுக்கு ரிங்கோல்டைவிட அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது. என்றாலும் அது அறத்திலிருந்து பிறந்த மனு என்று நான் சொல்லமாட்டேன். தென்னாட்டைக் காப்பாற்றும் கூலியாகவே அவர் விடுதலையைப் பேசினார். வடக்கோ அதற்குள் கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கத் தொடங்கியிருந்தது. போர் முடிவதற்குள் அங்கே சேர்ந்தவர்கள் சுமார் 1,80,000 பேர். தெற்கு 1865 மார்ச்சில்தான் அதற்குச் சட்டம் போட்டது. அந்தச் சட்டமும் விடுதலைக்கு உறுதி தரவில்லை. அடுத்த மாதமே தென்படைத் தளபதி லீ சரணடைந்தார்.

அமுக்கப்பட்ட அந்த மனுவின் பிரதி பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்து அச்சேறியது. போர்க்களக் கதைகளுக்கு முன்னால் அதைப் படி. அவர் எங்கே ராணுவக் கணக்குப் போடுகிறார், எங்கே அதை மீறிப் பேசுகிறார் என்று கோடிட்டு எனக்கு அனுப்பு. நாம் இருவரும் ஒரே இடங்களில் கோடு போட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா