பெர்லினும் நம் சேவலும்

கேள்வி: இன்றைய ஜெர்மன் சினிமா தன் சமூகத்தைப் பற்றிப் பேசுகிறதா? நம் கதைகளுக்கு அங்கே இடமுண்டா?
- வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: தைரியமாகவே பேசுகிறது. துருக்கியிலிருந்து பிழைக்கப் போன குடும்பத்தின் பிள்ளை ஃபாத்தி அகின். குடியேறியவர்களை நவ-நாஜிக் கும்பல் கொன்ற வழக்கை மனதில் வைத்து, 2017இல் ‘இன் த ஃபேட்’ எடுத்தார்.

இல்கர் சாடாக்கின் ‘தி டீச்சர்ஸ் லவுஞ்ச்’ (2023) இன்னும் கூர்மையானது. பள்ளியில் அடிக்கடி திருட்டு. வகுப்புக்குள் புகுந்து பையன்களின் பர்ஸைச் சோதிக்கிறார்கள். துருக்கியக் குடும்பத்துச் சிறுவன் மேல்தான் சந்தேகம் விழுகிறது. ஆசிரியை ஒருவர் லேப்டாப் கேமராவை ஓடவிட்டுப் போகிறார். அதில் பதிவானது முகமல்ல, ஒரு சட்டையின் கை. அதை மட்டும் வைத்து ஒருவரைத் திருடி என்று சொல்லலாமா? படம் முழுக்க இந்தப் பதைப்புதான். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது.

நம் கதைக்கும் இடமுண்டு. 2024 பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ திரையிடப்பட்டது. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப் போகிறது குடும்பம். கூடவே கால் கட்டிய சேவல். பின்னணி இசையே கிடையாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கே தியேட்டருக்கும் வந்தது. தவறவிட்டிருந்தால், வீட்டுப் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து அவசியம் பாருங்கள்.