காபிக் கறையின் ஓரம்

முகிலனுக்கு,

காபிச் சொட்டு காய்ந்த பிறகு ஓரம் மட்டும் கருத்து, நடு வெளிறிக் கிடப்பது ஏன் என்று கேட்கவே கூச்சமாக இருப்பதாக உன் கடிதம் கூறுகிறது. அந்தக் கூச்சம் வேண்டாதது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகன், சிட்னி நேகல், தாமஸ் விட்டன் உள்ளிட்ட அறுவர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 1997 இல் நேச்சர் இதழில் கட்டுரை எழுதினர்.

இத்தகைய கேள்விக்கு முதலில் தோன்றும் விடையை உடனே நம்பிவிடாதிருப்பது நல்லது. காபித்துகள் கனமாக இருப்பதால் ஓரத்துக்குச் சரிகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், துளி மேடாக இருந்தாலும் அது கிடக்கும் தளம் சமமானது என்பதால், கனமான துகள் இருந்த இடத்திலேயே அடியில் படியுமே தவிர, ஓரம் தேடிப் போகக் காரணமில்லை. உண்மையில் நடப்பது வேறு. துளியின் விளிம்பு, தளத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களிலும் அழுக்கிலும் சிக்கி நகராமல் நின்றுவிடுகிறது. இதை விளிம்புப் பிணிப்பு எனலாம். நீராவி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. துளியின் நடுவில் எழும் ஆவிக்குச் சுற்றிலும் ஈரக் காற்றே இருக்க, ஓரத்தில் எழும் ஆவிக்கு வெளியே உலர்ந்த காற்று திறந்திருப்பதால், ஓரம் விரைந்து வற்றுகிறது. பிணிப்பு இல்லையெனில் விளிம்பு உள்வாங்கித் துளி சுருங்கியிருக்கும். பிணிப்பு இருப்பதால் வற்றிய நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடிவருகிறது, துகள்களையும் அள்ளிக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிவிட, துகள்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. தங்கியவை விளிம்பை மேலும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன என்பது இதில் ரசிக்கத்தக்க திருப்பம்.

இவ்விளக்கத்தை விட, அதை அந்த அறுவர் சோதித்த விதம் கற்கத் தக்கது. ஓரத்தில் ஆவியாதல் மிகுவதே காரணமெனில், அதைத் தடுத்தால் வளையம் தோன்றக் கூடாது அல்லவா? துளியின் நடுவுக்கு நேராகச் சிறு துளை மட்டும் உள்ள மூடியால் அவர்கள் அதை மூடிப் பார்த்தனர்; ஆவி நடுவழியே மட்டும் வெளியேறியது, வளையம் உருவாகவில்லை. விளிம்பு சிக்கிக்கொள்ள இடமில்லாத வழுவழுப்பான டெஃப்லான் பரப்பிலும் வளையம் வரவில்லை. ஒரு காரணத்தைச் சொன்னவர் அதை நீக்கியும் காட்டினாரா என்று பார்ப்பதே, அறிவியல் செய்தி எதைப் படிக்கும்போதும் முதலில் செய்ய வேண்டியது. பெரிய எழுத்துத் தலைப்புகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

கதை அத்துடன் முடியவும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அர்ஜுன் யோத் குழுவினர், உருண்டையான துகள்களுக்குப் பதிலாக நீள்கோள வடிவத் துகள்களை, அதாவது இரு முனையிலும் இழுத்து நீட்டிய உருண்டை போன்றவற்றை, நீரில் கலந்து துளி வைத்தபோது, படிவு ஏறத்தாழச் சீராகவே பரவியது; இது 2011 இல் வெளியான முடிவு. நீள்கோளத் துகள்கள் நீரின் மேற்பரப்பை நெளியச் செய்து, அந்நெளிவின் வழியே ஒன்றையொன்று வலுவாக ஈர்த்து வலைபோல் பின்னிக்கொள்வதால், ஓரத்துக்குப் போகும் ஓட்டத்தால் அவற்றை இழுத்துச் செல்ல முடிவதில்லை. மை சீராகக் காய வேண்டிய அச்சுத்தொழிலுக்கும் பூச்சுத்தொழிலுக்கும் இது பயனுள்ள செய்தி. எனினும் பயன் இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும் என்று எண்ணுவது பிழை.

இனி, படித்ததோடு நில்லாமல் செய்தும் பார்க்க வேண்டும். எவர்சில்வர் தட்டில் டிகாக்‌ஷன் ஒரு சொட்டு, பால் கலந்த காபி ஒரு சொட்டு, பக்கத்தில் சோப்புநீர் சற்றே கலந்த டிகாக்‌ஷன் ஒரு சொட்டு என வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காய விட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமல் போகும். மூன்று கறைகளையும் பென்சிலால் வரைந்து, காய எடுத்த நேரத்தையும் பக்கத்தில் குறித்து அனுப்பு. தட்டைச் சமையலறையில் வைக்கும் முன் பாட்டியிடம் சொல்லிவிடுவது நல்லது. இல்லையேல் சொட்டு காய்வதற்குள் அது தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருக்கும்.

இப்படிக்கு,
தாத்தா