மந்திரவாதி என்று எழுதாதே

அன்புத் தம்பிக்கு,

பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் வின்சென்ட் ஓ'பிரையனைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு. 'மந்திரவாதி' என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது. பென்சிலால் நாலையும் அடித்த பிறகுதான் மறுபடி படிக்க முடிந்தது.

1953, 54, 55 என்று வரிசையாக மூன்று கிராண்ட் நேஷனல், பிறகு ஆறு எப்சம் டெர்பி. இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். தடை தாண்டும் ஓட்டம், சமதள ஓட்டம் இரண்டிலும் ஜெயித்தவரை மந்திரவாதி என்றால், அந்த மனிதர் பட்ட பாடெல்லாம் எங்கே போகும்?

நிஜின்ஸ்கி என்ற குதிரை கனடாவிலிருந்து அயர்லாந்தில் அவருடைய பாலிடாயில் லாயத்துக்கு வந்தபோது ஓட்ஸைத் தொடவில்லை. கட்டித் தீவனம் தின்றே வளர்ந்தது. அந்தத் தீவனத்தைக் கனடாவிலிருந்தே அனுப்பச் சொன்னார் ஓ'பிரையன். அது வந்து சேர்வதற்குள் குதிரை ஓட்ஸ் தின்னத் தொடங்கிவிட்டது. 1970 டெர்பிக்கு முந்தின நாள் அதற்கு வயிற்றுவலி. மருந்து கொடுத்தால் பரிசோதனையில் மாட்டும். புல்லும், தவிட்டில் கலந்த சோடா உப்பும் கொடுத்துச் சமாளித்தார்கள். மறுநாள் ஜெயித்தது. இதில் மந்திரம் எங்கே? தீவனத் தொட்டியில் என்ன மிச்சம் கிடக்கிறது என்று பார்த்த கண்தான் இருக்கிறது. உன் கட்டுரையில் இந்த இரண்டும் இல்லை. பரிசுத் தொகைக்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது.

அந்த லாயத்தில் மருந்து என்ற சொல்லை யாரும் லேசாகச் சொல்லியிருக்க முடியாது. 1960-இல் சமூர் என்ற குதிரைக்கு ஊக்கமருந்து கொடுத்ததாகச் சொல்லி அவருடைய உரிமத்தைப் பிடுங்கினார்கள். அவருடைய தம்பி போன்சியின் பொறுப்பில் அதே சமூர் ஐரிஷ் டெர்பியை ஜெயித்தது. இதை நீ அரை வரியில் தாண்டிவிட்டாய்.

எனக்குத் தொட்டியைக் காட்டியவர் கிண்டியில் ஒரு குதிரைக்காரர். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிது. விடியற்காலை ஐந்து மணி. தொட்டிக்குள் கையை விட்டு மூலையை வழித்தார். உள்ளங்கையில் ஒரு பிடி ஈர ஓட்ஸ். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் டிரெய்னரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்தக் குதிரை அந்த வாரம் ஓடவில்லை. அதுதான் ஜெயிக்கும் என்று நான் எழுதிக் கொடுத்தது ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது.

ஆனால் ஒரு பத்தி, தம்பி! செயின்ட் லெஜர் பந்தயத்துக்கு முன்னால் படர்தாமரை வந்து நிஜின்ஸ்கிக்கு முடி கொட்டியதை எழுதியிருக்கிறாயே, அப்படியொரு பத்தி எனக்கு முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட வாய்க்கவில்லை. அங்கே மட்டும் நீ குதிரையின் பக்கத்தில் நின்றிருக்கிறாய்.

அடுத்ததை எழுதுமுன் பெங்களூருக்குப் போய் வா. பந்தய நாளில் வேண்டாம். விடியுமுன் லாயத்துக்குப் போ; தொட்டி கழுவுகிறவரிடம் பேசு.