வாராந்திர மாத்திரையும் வராத தடுப்பூசியும்

கேரளத்தில் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரையில் நெடுஞ்சாலைக்கு இருபுறமும் இறங்கிச் செல்லும் ஊர்களில், மரச்சீனியும் வாழையும் நட்ட ஏலாக்களுக்கும் ரப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே, 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னும் தமிழகப் பக்கத்துக் களியக்காவிளைச் சந்தையைத் தங்கள் சந்தையாகவே கருதி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. பருவமழை பிடித்துக்கொண்டால் இவர்கள் பேச்சில் தவறாமல் அடிபடுவது எலிக்காய்ச்சல். சுகாதார நிலையத்துச் சுவரொட்டியில் அது எலிப்பனி. ஓடை தூர்வாரப் போகும் தொழிலுறப்பு எனப்படும் வேலை உறுதித் திட்டப் பெண்களுக்கும், மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்வோருக்கும் வாரம் ஒருமுறை விழுங்கும்படி டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கப்படுகிறது. மாத்திரை வீடு வந்து சேர்ந்த அளவுக்கு அதைப் பற்றிய விளக்கம் வந்து சேரவில்லையென்பதே என் அபிப்பிராயம். அதனால் சில நம்பிக்கைகளைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

எலி கடித்தால்தான் இந்தக் காய்ச்சல் வரும் என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். லெப்டோஸ்பைரா என்ற, நுனி கொக்கிபோல் வளைந்த சூட்சுமமான கிருமி, எலியின் சிறுநீரகத்தில் எலிக்கு யாதொரு உபத்திரவமும் செய்யாமல் குடியிருந்து, மூத்திரத்தோடு வெளிப்பட்டு, தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் காத்திருந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மெல்லிய தோல் வழியாகவோ மனித உடலில் பிரவேசிக்கிறது. மாடும் பன்றியும் நாயும்கூட இதைச் சுமக்கின்றன. ஆகவே, வீட்டில் எலியே இல்லையென்று நிம்மதி கொள்வதில் பிரயோஜனமில்லை.

இதைவிட ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு: வாரந்தோறும் விழுங்கும் அந்த மாத்திரை ஒருவிதத் தடுப்பூசி என்பதும், சில வாரம் விழுங்கிவிட்டால் பின்னர் நிறுத்தினாலும் ரட்சை உடம்பில் தங்கிவிடும் என்பதும். டாக்சிசைக்ளின், கிருமி தனக்கு வேண்டிய புரதங்களைச் சிருஷ்டித்துக்கொள்ளும் யந்திரத்தைப் பற்றிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துகிறதே தவிர, நம்முடைய நோய் எதிர்ப்புச் சக்திக்கு எந்தப் பாடத்தையும் கற்பிப்பதில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தவுடன் காவலும் நீங்கிவிடுகிறது. 1984-இல் வெளியான ஆய்வொன்று, பனாமாக் காடுகளில் ஏறத்தாழ மூன்று வாரம் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கச் சிப்பாய்களில் ஒரு பாதியினருக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளினும் மறு பாதியினருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தபோது, பின்னவரில் 20 பேர் நோயுற, முன்னவரில் ஒருவரே நோயுற்றார் என்று தெரிவித்தது. ஆனால் சிப்பாய் சில வாரத்தில் காட்டைவிட்டு வெளியேறிவிடுகிறான். ஏலாவில் வேலை செய்பவள் மழைக்காலம் முழுவதும் அதே சேற்றில்தான் நிற்கிறாள். நோய் நிரந்தரமாக உறைந்திருக்கும் வட அந்தமானில் நம் நாட்டவர் நடத்தி 2000-இல் வெளியிட்ட பரிசோதனையில், இதே மாத்திரை நோயின் வேகத்தையும் மரணத்தையும் குறைத்தது. ஆனால் கிருமி தொற்றுவதைத் தடுக்கவில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசாங்கம் இம்மாத்திரையைப் பரவலாக விநியோகித்தது சரியான காரியமே. ஆபத்து மிகுந்த வாரங்களுக்கு உகந்த கேடயத்தை ஆயுள்காலக் கவசமென்று எண்ணுவதுதான் பிசகு.

அப்படியானால் உண்மையான தடுப்பூசி ஏன் இல்லை, விஞ்ஞானிகள் இதைக் கவனிக்கவேயில்லையா என்ற கேள்வி எழும். கவனிக்காமல் இல்லை. கிருமியை முழுதாகக் கொன்று செய்யும் ஊசி சீனாவிலும் கியூபாவிலும் பிரான்ஸிலும் வழங்கப்பட்டதுண்டு. ஆனால் லெப்டோஸ்பைராவில் மேற்பூச்சு வேறுபாட்டால் பிரிக்கப்படும் வகைகள் இருநூறுக்கும் மேற்பட்டவை. ஒரு வகையைக் காட்டிப் பழக்கிய உடல் மற்றொரு வகையை அடையாளம் காண்பதில்லை. எனவே, எல்லா வகைகளுக்கும் பொதுவான ஒரு புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதை வேறொரு சாதுவான பாக்டீரியாவைக் கொண்டு பெருமளவில் தயாரித்து, ஊசியாகச் செலுத்தலாம் என்று ஆராய்ச்சி திரும்பியது. இத்தகைய ஊசியில் கிருமியே இராது. புரதத் துண்டு பெருகவும் பெருகாது. ஆதலால், "பாக்டீரியாவை உடம்பில் ஏற்றினால் அந்த நோயே வந்துவிடும்" என்ற பயத்துக்கு இதில் இடமேயில்லை.

எந்தப் புரதம் என்பதில்தான் விஷயமே சுவாரசியமாகிறது. கிருமியில் எது அதிகமோ அதுவே சிறந்த இலக்கு என்பது சாமானியரின் நம்பிக்கை மட்டுமல்ல, ஒரு காலத்தில் ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பும் அதுவே. லிப்எல்32 என்ற புரதம் ஒவ்வொரு கிருமியிலும் ஏறத்தாழ 38,000 பிரதிகளாக இருக்கிறது. நோய் செய்யும் இனங்கள் யாவற்றிலும் காணப்படுகிறது. நோயாளியின் ரத்தமும் அதற்கு எதிர்ப்பொருளை ஏராளமாக உண்டாக்குகிறது. இவ்வளவு லட்சணங்களும் பொருந்திய அப்புரதத்தைக் கொண்டு செய்த ஊசி, ஆய்வகத்து வெள்ளெலிகளை எதிர்பார்த்தபடி காப்பாற்றவில்லை. பின்பு 2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்தப் புரதமே இல்லாதபடி கிருமியை மாற்றிப் பார்த்தபோது, அது முன்போலவே வெள்ளெலியைக் கொன்றது! சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டினால் வீடு விழுந்துவிடுமா?

அதற்கு நேர்மாறான சரித்திரம் லிக்ஏ என்ற புரதத்தினுடையது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பழனியப்பன் முதலானோர் 2002-இல் விவரித்த இது, ஓடை நீரில் கிருமி கிடக்கும்போது அதன்மேல் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. சுற்றுப்புறத்தின் உப்புச் செறிவு நம் ரத்தத்தின் அளவுக்கு உயர்ந்ததும், அதாவது உடலுக்குள் புகுந்துவிட்டோம் என்ற சமிக்ஞை கிடைத்ததும், கிருமி இதைத் தயாரித்து அணிந்துகொள்கிறது. அணிந்துகொண்டு திசுக்களைப் பற்றிக்கொள்ளவும், ரத்தத்தின் சம்ஹார சக்திகளில் சிலவற்றை ஏய்க்கவும் பயன்படுத்துகிறது. இப்புரதத்தின் கடைசிப் பாகத்தைச் செலுத்தப்பெற்ற வெள்ளெலிகள் மரணத்திலிருந்து தப்பின. எனினும், தப்பிய பிராணிகள் பலவற்றின் சிறுநீரகத்தில் கிருமி தங்கியே இருந்தது. நோய் செய்யும் இனங்கள் எல்லாவற்றிலும் இப்புரதம் இல்லையென்பதும் பின்னர் தெரியவந்தது. 2021-இல் வெளியான மற்றொரு முயற்சி, நீந்துவதற்கு அவசியமான எஃப்சிபிஏ என்ற புரதத்தை நீக்கி, உயிரோடிருந்தும் நகர இயலாத கிருமியையே ஊசியாக்கி, பிராணிகளில் வெவ்வேறு இனங்களுக்கும் எதிராகக் காப்பு அளித்தது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இதுவே. ஆனால் உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான மனிதருக்குச் செலுத்துவதற்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் அநேகம்.

இனி மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. "அடிக்கடி சாப்பிட்டால் உடம்பு மருந்துக்குப் பழகிவிடும்" என்கிறார்கள். பழகுவது உடம்பல்ல, பாக்டீரியா. பென்சிலின் இனத்து மருந்துகள், கிருமியின் சுவரைக் கட்டும் புரதங்களைப் பற்றிக்கொண்டு முடமாக்குகின்றன; அதற்குப் பதிலடியாகச் சில பாக்டீரியாக்கள் அந்த மருந்தையே வெட்டி எறியும் நொதிப் புரதங்களை உற்பத்தி செய்கின்றன. அவற்றுள் என்டிஎம்-1 என்பது இந்தியாவில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை 2010-இல் வெளியிட்ட ஆய்வுக்குழுவின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இன்னொரு வகை நொதிகளின் வாயை அடைப்பதற்கென்றே சென்னை ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டசோபாக்டம் என்ற பொருள், செஃபெபைம் மருந்தோடு சேர்த்து, கடுமையான சிறுநீர்த்தொற்றுக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. என்டிஎம் நொதியை அதுவும் அடக்காது. நல்லவேளையாக லெப்டோஸ்பைரா, பென்சிலினுக்கோ டாக்சிசைக்ளினுக்கோ பொருட்படுத்தத்தக்க எதிர்ப்பை இன்னும் அடையவில்லை. ஆனால் சளிக்கும் ஜலதோஷத்துக்கும் நாமாக வாங்கி விழுங்கும் மாத்திரை, குடலில் வசிக்கும் மற்றப் பாக்டீரியாக்களுக்குத் தைரியம் கற்றுக்கொடுக்கிறது. கேரளம் 2018-இல் இதற்கெனத் தனிச் செயல்திட்டமே வகுத்து, மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்பதைக் கண்டித்துவருவது இதனால்தான்.

கடைசியாக, நாய்க்கு வருஷந்தோறும் போடும் ஊசியில் எலிக்காய்ச்சலும் அடக்கம்தானே, அதையே மனிதருக்கும் போட்டுக்கொண்டால் என்ன என்று ஆடுமாடு வளர்ப்பவர் சிலர் கேட்கிறார்கள். அது நாய்களிடையே வழங்கும் இரண்டு முதல் நான்கு வகைகளைக் கொன்று செய்தது. அந்த வகைகளுக்கு மட்டுமே, ஏறத்தாழ ஓராண்டுக்கு மட்டுமே, நாய்க்கு மட்டுமே. நாய்க்குத் தவறாமல் போடுங்கள். தொழுவத்தில் இறங்கும்போது நீங்கள் கால்மூடும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். மழைநீரில் நின்று வந்தபின் காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்துக் கண் சிவந்தால், எங்கே வேலை செய்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.