‘ஓரிரு இடங்களில்’ என்றால் நம் ஊர் இல்லை என்று பொருளா?
கோடை இடிமழை அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும் முறை

 

பங்குனி பிறந்தது முதல் வைகாசி வரை, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஒரே மாதிரியான வாசகம் வந்துகொண்டே இருக்கும். “தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும், மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் பலத்த தரைக்காற்று வீசக்கூடும்” என்கிற மாதிரி. நம்மில் பலர் “ஓரிரு இடங்கள்தானே, மிதமான மழைதானே” என்று அதைத் தள்ளிவிட்டுப் போகிறோம். அந்த வாசகத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறுத்த பொருள் உண்டு. அதைத்தான் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் ‘ஓரிரு’. இது மழையின் வலிமையைச் சொல்லும் சொல் அல்ல. பரப்பைச் சொல்லும் சொல். ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை எதிர்பார்க்கப்பட்டால் ‘ஓரிரு இடங்கள்’. பாதி வரை என்றால் ‘ஒருசில’. முக்கால் பங்கு வரை ‘பல’. அதற்கு மேல் ‘பெரும்பாலான’. கோடை இடிமழை இயல்பிலேயே ‘ஓரிரு’ வகையைச் சேர்ந்தது. ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். கம்பத்தில் கொட்டும்போது உத்தமபாளையத்தில் புழுதி பறக்கும். ஆனால் அந்த ஓரிரு இடங்களில் ஒன்றாக நம் தெரு அமைந்துவிட்டால், அங்கே விழும் மின்னல் ‘ஓரிரு’ மின்னலாக இருக்காது.

‘மிதமான மழை’ என்பதும் இப்படித்தான். அது மழையளவை மட்டும் குறிக்கிறது. வானிலைத் துறைக் கணக்கில் ஒரே நாளில் ஏறத்தாழ 7 செ.மீ. பெய்தால்தான் ‘கனமழை’ என்ற பெயரே வரும். 2 செ.மீ. மழை பெய்யும் மேகம் வீட்டுத் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆகவே கோடையில் மழையளவைப் பார்ப்பதைவிடக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். 30 கி.மீ. காற்று 60 கி.மீ. ஆனால் தள்ளும் விசை இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? நம் பள்ளத்தாக்குக்கு ஆடிக்காற்று பழக்கம். அது மேற்கிலிருந்து நாள்கணக்கில் ஒரே சீராக வீசும். கோடைக்காற்று வேறு ரகம். பகலில் தரை கொதிக்கிறது. வங்கக்கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றோடு அது சந்திக்கிறது. மலைச்சரிவு அந்த ஈரக்காற்றை மேலே ஏற்றிவிடுகிறது. பிற்பகலுக்குள் மேகம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரம் போல் எழும்பிவிடும். மழை இறங்கத் தொடங்கியதும் அதில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. அதனால் சுற்றியுள்ள காற்று சட்டென்று குளிர்ந்து, கனத்து, கீழே விழுகிறது. தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. மழைக்கு முன்பே குளிர்ந்த காற்று வீசுவது இதனால்தான். வெக்கையில் தவித்தவர்கள் அந்தக் குளிர்ச்சியை அனுபவிக்க மொட்டை மாடிக்குப் போகிறார்கள். உள்ளே போக வேண்டிய நேரமே அதுதான்.

வண்ண எச்சரிக்கையையும் தெரிந்துகொள்வோம். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். காலையில் வரும் அறிவிப்பு மாவட்டத்தைத்தான் சொல்லும். எந்த ஊர், எத்தனை மணி என்பதை முன்தினமே சொல்வது இந்த வகை மழைக்கு இயலாத காரியம். அதற்காகத்தான் அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பு தனியாக வருகிறது. பிற்பகல் 2 மணிக்கு மேல் அதைப் பார்ப்பதே பயன் தரும். புனேயிலுள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனம் வெளியிட்டுள்ள ‘தாமினி’ செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் அபாயம் இருந்தால் காட்டும். வீட்டில் ஒருவர் கைப்பேசியிலாவது இருக்கட்டும்.

கைப்பேசி இல்லாதவருக்குக் காது போதும். மின்னலைக் கண்டதிலிருந்து இடியோசை கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டுவிட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் தலைக்கு மேலாகவும் இருக்கலாம். கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் கழியும் வரை வெளியே வராதீர்கள்.

இப்போது நம் அன்றாடத்துக்கு வருவோம். இந்த மேகங்கள் பெரும்பாலும் அஸருக்கும் இஷாவுக்கும் இடையில்தான் வெடிக்கின்றன. மக்தப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் அது. மேகம் கறுத்திருந்தால் பிள்ளைகளை அனுப்பாமல் உள்ளேயே உட்கார வைக்கும்படி உஸ்தாதுமார்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெற்றோரும் “ஏன் தாமதம்” என்று சடைத்துக்கொள்ள வேண்டாம். இடி முழங்கும்போது திறந்த ஹவுளிலும் குழாயடியிலும் ஒளூச் செய்வதைச் சற்றுத் தள்ளிப்போடலாம். நீரும் இரும்புக் குழாயும் மின்சாரத்தைக் கடத்தும். மினாராவில் இடிதாங்கி இருக்கிறது என்ற தைரியத்தில் அதன் அடியில் ஒதுங்குவதும் கூடாது. தரைக்கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தால் இடிதாங்கி பயன்படாது. ஜமாஅத் நிர்வாகிகள் மின்பணியாளரை அழைத்து இப்போதே சோதித்துவிடுவது நல்லது.

“மழைக்குப் பயந்து ஜமாஅத்தை விடலாமா?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். குளிரும் காற்றும் கடுமையான இரவுகளில், இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கோடு சேர்த்து அறிவிக்கச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. மார்க்கம் தந்த சலுகை அது. அதன் விவரங்களை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாத நிக்காஹ் பந்தல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்று கிளம்பியதும் ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது நம் வழக்கம். பந்தல் போனால் போகட்டும், கம்பத்தை விட்டு விலகி மண்டபத்துக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போய்விடுங்கள். குர்பானிக்கு வளர்க்கும் ஆடுகளைப் புளிய மரத்தடியில் கட்டாதீர்கள். தார் தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுத்துவிடுங்கள். காற்று அறிவிப்பு உள்ள நாளில் தண்ணீர் பாய்ச்சினால் மண் இளகி மரம் எளிதில் சாயும். அறுந்து விழுந்த மின்கம்பியை, மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பி, யாரும் நெருங்க வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும் வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் ஒருவர் காவல் நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்ற அச்சம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது உண்மையல்ல. மின்னல் கடந்தபின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்று, இதயமும் நின்றிருக்கலாம். நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் வேகமாக, அழுத்தமாக அமுக்கிக்கொண்டே இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஒருவர் அமுக்கும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. இரண்டையும் அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.