கடைசி வரி அல்ல, முதல் பிழை

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு ஆறு நாள்களே இருந்தன. முந்தின நாள் மாலை, ஆய்வகக் கணினிகளில் காத்திருந்த புதுப்பிப்புகளை ஓடவிட்டு, எப்படி முடிந்தன என்று பார்க்காமலே அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். தேர்வு நெருங்கும்போது செய்யக்கூடாத வேலை அது. மறுநாள் காலையில் பத்துக் கணினிகளில் ஆறு வழக்கம்போல் திறந்தன. மீதி நான்கில் திரை 1024-க்கு 768 என்ற அளவுக்குச் சுருங்கி, எழுத்துகள் பெரிதாகிக் கலங்கித் தெரிந்தன. பைத்தான் சாளரத்தைத் திறந்தால் நிரலின் பாதி திரைக்கு வெளியே போனது. சுட்டியை நகர்த்தினால் படம் இழுத்து இழுத்து வந்தது.

லினக்ஸ் வகைத் திறந்த மூல இயக்க அமைப்பைப் பள்ளியில் பயன்படுத்தும் ஆசிரியர்கள் பலர் இதைச் சந்தித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் கை தானாகப் போகும் இடம் பென்டிரைவ். ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடலாம்’ என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த நான்கு கணினிகளில்தான் இருபது மாணவர்களின் ஓராண்டு நிரல்கள் இருந்தன. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அதனால்தான் பென்டிரைவைக் கீழே வைத்தேன்.

ஏன் நான்கு மட்டும்? மற்ற ஆறில் கிராபிக்ஸ் வசதி இன்டெல் செயலிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கான டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. கெர்னல் புதிதானால் டிரைவரும் கூடவே புதிதாகிவிடும். இந்த நான்கில் இருப்பவை தனி என்விடியா கார்டுகள். நாங்கள் நிறுவியிருந்த டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருந்து வருவது. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதை அந்தக் கணினியிலேயே மீண்டும் கட்டி எடுக்க வேண்டும். டி.கே.எம்.எஸ். என்ற சிறு மென்பொருள் அதைப் பின்னணியில் ஓசையில்லாமல் செய்கிறது. அளவு மாறும்போதெல்லாம் தையற்காரர் சட்டையைப் பிரித்துத் தைப்பது போல என்று மாணவர்களுக்குச் சொன்னேன். துணியும் நூலும் ஊசியும் பொருந்தவில்லை என்றால் தையல் நின்றுவிடும்.

முதலில் செய்ய வேண்டியது பழுது பார்ப்பதன்று, வகுப்பை நடத்துவது. கணினி திறக்கும்போது வரும் கிரப் பட்டியலில் கூடுதல் விருப்பங்கள் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் பழைய கெர்னல் தெரியும். அதற்கான டிரைவர் முன்பே கட்டப்பட்டு அப்படியே இருப்பதால் திரை சரியாகிவிடும். எங்களுக்கும் ஆயிற்று. அன்றைய பயிற்சி தடைபடவில்லை.

மதியம் ஒரு கணினியில் மட்டும் காரணம் தேடினோம். டி.கே.எம்.எஸ். தன் வேலையைப் பதிவுக் கோப்பாக எழுதி வைக்கும். ‘வார்’, அதற்குள் ‘லிப்’, அதற்குள் ‘டி.கே.எம்.எஸ்.’ என்று கோப்புறைகளைத் திறந்து, டிரைவரின் பெயரும் பதிப்பும் கடந்து, ‘பில்ட்’ கோப்புறைக்குள் போனால் ‘மேக்.லாக்’ என்ற கோப்பு கிடைக்கும். நூற்றுக்கணக்கான வரிகள். நான் நேராகக் கீழே போய்க் கடைசி வரியைப் படித்தேன். ‘எரர் 2’ என்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வீணானது.

பக்கத்தில் நின்ற ஒரு மாணவி கேட்டாள்: “சார், போன வருஷம் சி பிளஸ் பிளஸ் நடத்தும்போது முதல் பிழையைத்தானே பார்க்கச் சொன்னீங்க?”

உண்மைதான். பைத்தானில் பிழைச் செய்தியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு நடத்தி நடத்தி என் கண் அதற்கே பழகிவிட்டது. நிரல்பெயர்ப்பி ஓடும் வேலைகளில் கதை தலைகீழ். முதல் பிழைதான் காரணம், அதற்குக் கீழே வருபவை பெரும்பாலும் அதன் பின்விளைவுகள். கடைசியில் வரும் ‘எரர் 2’ என்பதற்கு ‘மேலே ஏதோ நடந்துவிட்டது, நான் நிறுத்திக்கொள்கிறேன்’ என்பதற்கு மேல் பொருளே இல்லை.

மேலிருந்து படித்தோம். தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை: கெர்னலைக் கட்டிய நிரல்பெயர்ப்பி வேறு, இப்போது பயன்படுத்துவது வேறு. அடுத்து முதல் பிழை: ‘எஃப் ட்ரிவியல் ஆட்டோ வார் இனிட்’ என்ற கட்டளை விருப்பம் தெரியவில்லை. உபுண்டு 22.04 பயன்படுத்திய பலரும் 2024 தொடக்கத்தில் பார்த்த பிழை இது. அந்தப் பதிப்பில் இயல்பாக இருப்பது ஜி.சி.சி. 11. அப்போது வந்த 6.5 கெர்னல் கட்டப்பட்டது ஜி.சி.சி. 12-இல். அந்த விருப்பம் 12-இல்தான் அறிமுகமானது. பழைய ஆளுக்குப் புதிய சொல் புரியவில்லை, அவ்வளவுதான்.

என் கைப்பேசி இணைப்பில் ஜி.சி.சி. 12-ஐ இறக்கி நிறுவினோம். அதையே முதன்மை நிரல்பெயர்ப்பியாக மாற்றி, டி.கே.எம்.எஸ்.-ஐ மீண்டும் ஓடவிட்டோம். டிரைவர் கட்டி முடிந்தது. மற்ற மூன்றையும் மாணவர்களே செய்தார்கள்.

எல்லா முறையும் காரணம் இதுவாகவே இருக்காது. கெர்னல் ஹெடர் கோப்புகளைக் காணவில்லை என்று முதல் பிழை சொன்னால், ஓடும் கெர்னலின் அதே எண்ணுள்ள ஹெடர் தொகுப்பை நிறுவினால் போதும். ஏதோ ஒரு செயற்கூறு அறிவிக்கப்படவில்லை என்று வந்தால் டிரைவர் பழையது, கெர்னல் புதியது என்று சந்தேகிக்கலாம். ‘ஐ.ஓ.ரீமேப் நோகேஷ்’ என்ற செயற்கூறு 5.6 கெர்னலில் நீக்கப்பட்டதும் பழைய கார்டுகளுக்கான என்விடியா 340 வரிசை டிரைவர் இப்படித்தான் நின்றது. அந்த வரிசைக்கான ஆதரவு 2019-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அத்தகைய கார்டுக்கு நேரம் செலவழிக்காதீர்கள். கெர்னலோடு வரும் ‘நூவோ’ டிரைவருக்கு மாறிவிடலாம், பள்ளி வேலைக்கு அது போதும். டிரைவர் பிழையின்றிக் கட்டப்பட்டும் ஏறவில்லை, ‘கீ’ நிராகரிக்கப்பட்டது என்று செய்தி வருகிறது என்றால், அது கட்டும் பிழையே அல்ல. செக்யூர் பூட் வசதி கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கிறது.

அந்தப் பதிவுக் கோப்பின் முதல் இரண்டு பக்கங்களை அச்செடுத்து இப்போது பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிறேன். தமிழ்வழி மாணவர்கள் ஆங்கிலப் பிழைச் செய்தியைக் கண்டதும் கண்ணை எடுத்துவிடுகிறார்கள். ‘எரர்’ என்ற சொல் முதலில் வரும் இடத்தைப் பென்சிலால் வட்டமிடு, அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் சொல் என்றால் செய்துவிடுகிறார்கள். எச்சரிக்கைக்கும் பிழைக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. அதற்கு இன்னொரு வகுப்பு தேவைப்படுகிறது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இடத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தேவையற்ற தொகுப்புகளை நீக்கும் கட்டளையைக் கொடுக்கும்போது பழைய கெர்னலும் போய்விடக்கூடும். புதிய கெர்னலில் திரை சரியாக வருகிறதா என்று ஒவ்வொரு கணினியிலும் பார்த்த பிறகே அதைச் செய்யுங்கள். எங்கள் ஆய்வகத்தில் புதுப்பிப்புகள் இப்போது ஒரு கணினியில் மட்டும் முதலில் ஓடுகின்றன, அதுவும் தேர்வு முடிந்த பிறகு.